மேலாண்ட என்ன இருக்குது?

என் கடைக்கும் அங்கன்வாடிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். கட்டிய கான்ட்ராக்டர் எவ்வளவு மனசு வைத்தாரோ அவ்வளவுதான் அதன் கனம். அந்தப் பக்கம் ஒரு குழந்தை தும்மினால் இந்தப் பக்கம் என் கையிலிருக்கும் ஸ்க்ரூ டிரைவர் நழுவும். மரக்காணத்தில் செல்போன் ரிப்பேர், ரீசார்ஜ், ஜெராக்ஸ் என்று பதினோரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். அதில் ஏழு வருடம் ஆரோக்கியசெல்வி டீச்சரின் குரலோடு கழிந்திருக்கிறது. "சகாதேவன் அண்ணே, சத்தம் ஜாஸ்தியா இருக்குதா?" என்று மாதத்துக்கு ஒரு தடவை ஜன்னல் வழியாகக் கேட்பார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்பேன். அது பொய் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

என்னைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். கடை வாசலில் நானே சிவப்பு மார்க்கரால் எழுதி ஒட்டிய ஒரு அறிவிப்பு உண்டு: "தெரியாத நம்பரா? தொடாதே! அழித்துவிடு!" ஊரில் பாதிப் பேருக்கு செல்போன் விஷயத்தில் நான் சொல்வதுதான் வேதவாக்கு. இதை இப்போது பெருமையாகத்தான் சொல்கிறேன். கொஞ்ச நேரத்தில் வெட்கப்படுவேன்.

டீச்சருக்கு வயது முப்பத்தெட்டு. பிறந்தது கிளியனூர். புருஷன் உப்பு லாரி ஓட்டுகிறார். மற்ற அங்கன்வாடிகளில் பாட்டு, நிறம், ஒன்று இரண்டு மூன்று என்று போகும். இவர் யாரும் கேட்காமலேயே பூகோளம் நடத்துவார். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

கல்யாணமான புதிதில் தனியாக அம்மா வீட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். மேற்கே திண்டிவனம் போய், அங்கிருந்து பாண்டி பஸ் பிடித்தால் கிளியனூர். இவர் ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று, வந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டார். கண் விழித்தபோது கல்பாக்கம். சென்னைக்குப் போகிற பஸ். அன்று சாயங்காலம் வீடு திரும்பியதிலிருந்து மாமியார் வீட்டில் அவர் பெயரே 'கல்பாக்கத்து மருமக' ஆகிவிட்டது. இன்றைக்கும் மீன் வாங்க அனுப்பினால்கூட, "பாத்துப் போம்மா, கல்பாக்கம் போயிடாத" என்கிறார்கள்.

"கிளம்பின கொஞ்ச நேரத்துல ஜன்னல்ல உப்பளம் வந்துச்சுண்ணே. உப்பளம் வந்தா அது வடக்கன்னு எனக்கு யாருமே சொல்லித் தரல" என்றார் ஒரு நாள். "என் புள்ளைங்க ஒண்ணுகூட தப்பான பஸ்ல ஏறக் கூடாது."

என் புள்ளைங்க என்று அவர் சொல்வது அங்கன்வாடியின் பதினான்கு குழந்தைகளை. நாலு வயதுக் குழந்தை எந்த பஸ்ஸில் தனியாக ஏறப் போகிறது என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பாடம் நடத்தியிருப்பார்.

அந்தக் குழந்தைகளின் உலகத்தில் மொத்தம் மூன்றே ஊர்கள்தான்: மரக்காணம், பாண்டி, துபாய். இரண்டாவது ஊரில் புதுச் சட்டை கிடைக்கும், மூன்றாவது ஊரில் அத்தாவோ மாமாவோ கிடைப்பார்கள். துபாய் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதினான்கு கையும் கடலைக் காட்டும். பெரிய தண்ணீரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள், கண்ணுக்குத் தெரிகிற பெரிய தண்ணீர் ஒன்றுதான் இருக்கிறது. நியாயமான கணக்குதான்.

போன மாசி மாதத்தில் டீச்சர் 'மேலே கீழே' பாடம் நடத்தினார். அது அரசாங்கமே சொன்ன பாடம். ஒரு வாரம் முழுக்க என் சுவர் அதிர்ந்தது.

"மேல என்ன?"

"ஃபேனு!"

"கீழ என்ன?"

"பாயி!"

வெள்ளிக்கிழமைக்குள் எனக்கே மனப்பாடம். கஸ்டமர் ஒருவர் சார்ஜர் எங்கே என்று கேட்டபோது "கீழ பாயி" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் திசைகள். இங்கேதான் வம்பு ஆரம்பம். எங்கள் பக்கத்தில் மேற்குப் பக்கத்தை மேலாண்ட என்போம், கிழக்குப் பக்கத்தைக் கீழாண்ட என்போம். கிளியனூரில் பிறந்த டீச்சருக்கு மேற்கு என்ற சொல் புத்தகத்தைப் பார்த்தால்தான் வரும். வாயில் தானாக வருவது மேலாண்டதான். வியாழக்கிழமை காலை அங்கன்வாடி வாசல் தரையில் சாக்பீஸால் பெரிய வட்டம் போட்டு, நடுவில் நின்றுகொண்டு ஆரம்பித்தார்.

"கீழாண்ட என்ன இருக்குது?"

"பாயி!"

"பாயி இல்ல கண்ணுங்களா. கீழாண்ட, அதோ அந்தப் பக்கம். சத்தம் கேக்குது பாருங்க. கடலு! வடக்க என்ன?"

"உப்பு!" இது வினோதினி. அவள் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை பார்க்கிறார்கள், அவளுக்கு மட்டும் வடக்கு பிறக்கும்போதே தெரியும்.

"சபாஷ். தெக்க பாண்டி. மேலாண்ட என்ன இருக்குது?"

"ஃபேனு!"

டீச்சர் சிரித்துவிட்டார். நானும் இந்தப் பக்கம் சிரித்தேன். "மேல வேற, மேலாண்ட வேற. மேலாண்டன்னா திண்டிவனம் பஸ்ஸு போவுதுல்ல, அந்தப் பக்கம்" என்று விளக்க ஆரம்பித்தார். அப்போது ஷமா எழுந்து நின்றாள். நாலு வயது, ரெட்டைக் குடுமி, கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள்.

"டீச்சர், எங்க அத்தா எங்க இருக்காரு?"

"உங்க அத்தா துபாய்ல இருக்காரு. துபாய் கடல் பக்கம் இல்ல. மேலாண்டதான் இருக்குது. ரொம்ப தூரம். எந்தம்பியும் அங்கதான் இருக்கான். ரெண்டு பேருமே மேலாண்டதான்."

ஷமா அடுத்த கேள்விக்கு வாயைத் திறக்கும்போது மங்கம்மா அவித்த முட்டைப் பாத்திரத்தோடு வெளியே வந்தாள். மங்கம்மா அங்கன்வாடியில் சமைப்பவள், முன்னால் உப்பளத்தில் வேலை பார்த்தவள். முட்டை வந்தால் பூகோளம் அவ்வளவுதான். சாக்பீஸ் வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்து உரித்தார்கள். மேற்கெல்லாம் முட்டை ஓடு.

ஷமாவின் அப்பா முஜீப் ரஹ்மான் துபாயில் ஏசி மாட்டுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறார். டீச்சரின் தம்பி ஆரோக்கியராஜுக்கு அதே கம்பெனியில் விசா வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஷமாவின் அம்மா ஃபர்ஹானா கோட்டக்குப்பத்துப் பெண், பயந்த சுபாவம். முஜீப்பின் போன் இரண்டு நாளாக ஸ்விட்ச் ஆஃப். புதன்கிழமை மட்டும் மூன்று தடவை என் கடைக்கு வந்து, "என் போன்ல ஏதாவது கோளாறா பாருங்கண்ணே" என்றாள். போன் நன்றாகத்தான் இருந்தது. "வேலை பிஸியா இருக்கும்மா" என்று அனுப்பிவைத்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக்குப் போன ஷமா என்ன சொன்னாள் என்பதைப் பிற்பாடு ஃபர்ஹானா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். சோறு ஊட்டிக்கொண்டிருந்தவளிடம் குழந்தை இப்படிச் சொல்லியிருக்கிறது:

"அம்மா, அத்தா துபாய்ல இல்லியாம். மேல இருக்காராம்."

"யாருடி சொன்னது?"

"டீச்சர். அவங்க தம்பியும் மேல இருக்காராம். ரெண்டு பேருமே மேலயாம்."

"மேலன்னா எங்கடி?"

ஷமா சோற்றுக் கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை நேராக ஆகாசத்துக்கு நீட்டியிருக்கிறாள். ஒரு வாரப் பாடம். மறக்குமா?

நாலு மணி இருக்கும். டீச்சர் வாசலில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தார். தெருமுனையிலிருந்தே அழுகைச் சத்தம். ஃபர்ஹானா ஷமாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, துப்பட்டா ரோட்டில் புரள ஓடிவருகிறாள். பின்னால் தெருவே வருகிறது.

"டீச்சரம்மா, எங்கிட்ட ஏன் மறைச்சீங்க? புள்ளைகிட்ட சொல்லத் தெரிஞ்சது, எங்கிட்ட சொல்ல வாய் வரலியா?"

டீச்சர் எழுந்து நின்றார். "என்னத்த மறைச்சேன்?"

"அவரு மவுத்தாயிட்டார்னு தெரிஞ்சும் எப்படிங்க குந்திக்கினு எழுதறீங்க? உங்க தம்பியும்கூட போயிட்டாராமே! கூடப் பொறந்தவரு போயும் உங்களுக்குக் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லியே!"

டீச்சர் கையிலிருந்து ரிஜிஸ்டர் விழுந்தது. "எந்தம்பியா? ஐயோ, எந்தம்பிக்கு என்ன ஆச்சு? மாதாவே! யாரு சொன்னது உனக்கு?"

ஃபர்ஹானாவுக்கு சேதி டீச்சரிடமிருந்து வந்தது. டீச்சருக்கு சேதி ஃபர்ஹானாவிடமிருந்து வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். தெரு மொத்தமும் சேர்ந்து அழுதது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், சொல்வதற்கு என்ன வெட்கம். ஆரோக்கியராஜ் என் கடையில்தான் முதல் செல்போன் வாங்கினான்.

மங்கம்மா மட்டும் அழவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தாள்.

"இரு இரு. ஃபர்ஹானா, உனக்கு யாரு சொன்னது?"

"டீச்சர் சொன்னாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"எங்கிட்ட சொல்லல. ஷமாகிட்ட."

"டீச்சர், உனக்கு யாரு சொன்னது?"

"இதோ, ஃபர்ஹானா."

"அப்ப ரெண்டு பேருக்கும் சொன்னது இந்த முட்டக்கண்ணிதானா?" மங்கம்மா ஷமாவை வாங்கித் தரையில் நிற்க வைத்தாள். "கண்ணு, அத்தா எங்க இருக்காரு?"

"மேலாண்ட."

"மேலாண்டன்னா எது, காட்டு."

விரல் ஆகாசத்துக்குப் போனது. "ஃபேனு பக்கம்" என்றாள் ஷமா.

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "மேக்கன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா நானு? வாயில மேலாண்டதான வருது, நான் என்ன பண்ணுவேன்" என்று தனக்குத்தானே புலம்பினார். அப்புறம் ஃபர்ஹானாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னார்.

வந்த கூட்டம் சிரித்தது. ஃபர்ஹானா சிரிக்கவில்லை.

"சரிங்க டீச்சர். வார்த்தை தப்பாப் போச்சு, ஒத்துக்கறேன். அப்ப ரெண்டு நாளா அவரு போனு ஏன் ஆஃப்ல இருக்குது?"

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. தான் வாய்தவறிச் சொன்னது பலித்துத் தொலைத்துவிடுமோ என்ற பயம் அவர் கண்ணிலேயே தெரிந்தது. தம்பியின் நம்பருக்கு அடித்தார். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "நாலு வயசுப் புள்ளைங்களுக்கு திசை எதுக்கும்மா? ஏ பி சி டி சொல்லிக் குடுத்தா இந்தப் பிரச்சினை வருமா?" என்றேன். கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒரு அம்மா, "நாளையிலேருந்து எம்புள்ளைய அனுப்பல தாயீ" என்றாள். டீச்சர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தம்பி நம்பரையே அழுத்திக்கொண்டிருந்தார். ஏழு வருடமாக அந்தக் குரலை மனசுக்குள் குறை சொன்னவன் நான். அன்றைக்கு அந்தக் குரல் வெளியே வராதது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மணி நேரம் அப்படியே போனது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஃபர்ஹானா படியில் டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்து உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தாள். டீச்சர் கையில் ஜெபமாலை. மங்கம்மா எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள், யாரும் குடிக்கவில்லை. ஷமா மட்டும் சாக்பீஸ் வட்டத்தில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு டீச்சரின் போன் அடித்தது. வீடியோ கால். ஆரோக்கியராஜ், தலையில் ஹெல்மெட், பின்னால் மொட்டை மாடி.

"இன்னாக்கா, நாப்பத்தோரு மிஸ்டு கால்! மாடியில ஏசி தூக்கிக்கினு இருந்தேன். வூட்ல யாருக்கு என்ன?"

போனை ஃபர்ஹானா பிடுங்கினாள். "தம்பி, அவரு எங்க? அவரு எங்க?"

"பாயா? இதோ பக்கத்துலதான் இருக்காரு. பாய், வூட்லேருந்து!"

திரையில் முஜீப் ரஹ்மான் வந்தார். மூக்கு முழுக்க சிமெண்ட் தூசி. ஃபர்ஹானா வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு அழுதாள். அவர் மிரண்டுபோனார். "ஏய், ஏன் அழுவுற? அதான் சொன்னேன்ல, போனு மூணாவது மாடியிலேருந்து விழுந்துடுச்சு, ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னு."

"எங்க சொன்னீங்க?"

"நேத்து சாயங்காலம் சூப்பர்வைசர் போன்லேருந்து வாய்ஸ் மெசேஜ் போட்டேனே. நீ கேக்கலியா?"

ஃபர்ஹானா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். என்னைப் பார்த்தாள். "வெளிநாட்டு நம்பர்லேருந்து ஒண்ணு வந்துச்சு. தெரியாத நம்பரு. சகாதேவன் அண்ணன் போர்டுல எழுதியிருக்காருல்ல... அழிச்சுட்டேன்."

தெரு மொத்தமும் என் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தது. சிவப்பு மார்க்கர். நல்ல பெரிய எழுத்து. நான்தான் எழுதினேன், அதுவும் அழகாக எழுதினேன். போய்க் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மங்கம்மா, "ஏ பி சி டி நல்லாத்தான் எழுதியிருக்க" என்றாள். டீச்சரிடம் போய், "மன்னிச்சுக்கம்மா" என்றேன். "விடுங்கண்ணே, நானும் மேலாண்டன்னு சொன்னவதான" என்றார். அதிலும் என்னை விட்டுக்கொடுக்காமல் பாதிப் பழியைத் தானே எடுத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

கூட்டம் கலையப் பார்த்தது. ஆனால் டீச்சர் விடவில்லை. தப்பாகச் சொன்ன பாடத்தைத் தப்பாகவே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை அவர். ஷமாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"ஷமா, உங்கம்மா தொழுவாங்கல்ல, எந்தப் பக்கம் பாத்து நிப்பாங்க?"

ஷமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சாக்பீஸ் வட்டத்தில் சட்டென்று திரும்பி திண்டிவனம் ரோட்டைப் பார்த்து நின்றாள். "கிப்லா பக்கம்!"

"அதான் கண்ணு மேக்கு. மேக்கன்னாலும் மேலாண்டன்னாலும் அந்தப் பக்கந்தான். அங்க ரொம்ப ரொம்ப தூரத்துல உங்க அத்தா இருக்காரு. மேல இல்ல. நம்பள மாதிரியே தரையிலதான் நிக்கறாரு."

ஃபர்ஹானா போனைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "அவரு போயி மூணு வருஷம் ஆவுது" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். "நினைப்பு வந்தா கடலப் பாத்துக்கினு நிப்பேன். அஞ்சு வேளையும் நிக்கிற பக்கத்துலதான் இருந்திருக்காரு. எனக்குத் தோணவே இல்லியே."

ஷமா போனை இழுத்தாள். "அத்தா, நீ எந்தப் பக்கம் பாத்துத் தொழுவ?"

"நானும் மேக்கதான் செல்லம். இங்கேருந்தும் மக்கா மேக்கதான்."

ஷமா வட்டத்துக்குள் நின்று யோசித்தாள். அவளும் அம்மாவும் மேற்கே பார்க்கிறார்கள். அத்தாவும் மேற்கே பார்க்கிறார். அவள் முகம் சுருங்கியது.

"அப்ப எங்களுக்கு உன் முதுகுதான் தெரியும்."

எல்லாரும் சிரித்தோம். முஜீப் சிரிக்கவில்லை. "ஆமால்ல" என்றார்.

"திரும்பி நில்லு அத்தா."

"எந்தப் பக்கம்மா திரும்பறது? இங்க எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பில்டிங்கா இருக்குது."

டீச்சர் போனை எட்டிப் பார்த்தார். குரல் திரும்ப வந்துவிட்டது, என் கடை வரைக்கும் கேட்கிற அதே குரல். "பாய், வெயிலு இப்ப உங்க மூஞ்சில அடிக்குதா, முதுகுல அடிக்குதா?"

"மூஞ்சிலங்க."

"முதுகுல அடிக்கற மாதிரி நில்லுங்க. அவ்ளோதான். எங்களுக்கு மூஞ்சில அடிக்குது."

திரையில் கட்டடங்களும் ஆகாசமும் ஒரு சுற்றுச் சுற்றின. சுற்றி நின்றபோது அவர் முகம் நிழலில் இருந்தது, தோளுக்குப் பின்னால் வெயில். "திரும்பிட்டேன்மா" என்றார். குரல் உடைந்திருந்தது.

திண்டிவனம் ரோட்டுக்கு மேலே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நேராக ஃபர்ஹானாவின் கண்ணில் அடித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஆனாலும் கையை வைத்து மறைக்கவில்லை. ஷமா போனைப் பார்க்கவே இல்லை. வட்டத்தின் மேற்கு ஓரத்தில் முட்டை ஓட்டின் மேல் நின்றுகொண்டு, "இப்பத் தெரியுது" என்று சொல்லி, ரோட்டைப் பார்த்துக் கையாட்டினாள்.